கட் ஆகாத லைன்

"பாய், உங்க வீட்டு நெட்டு எவ்ளோ ஸ்பீடு வரும்?"

கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார் இராமலிங்கம். தேய்த்த முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். கையிலிருந்த செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பௌர்ணமி அன்னிக்குப் போய் செல்லுல நெட்டு தேடறீங்களே சார். செங்கம் ரோடு முழுக்க கிரிவல ஜனம். டவர் என்ன பண்ணும்?" என்றார் பக்கத்து வீட்டு கவுஸ் பாஷா.

"அதான் ஒயர் போட்ட நெட்டு கேக்கறேன். பின்னாடி ராணியம்மாள் வீட்ல நூறு எம்பி வருதாமே?"

"வரும். குரங்கு ஒயர்ல தொங்கற வரைக்கும் வரும். எங்களுது கேபிள்காரர் லைன். ஸ்பீடு கம்மி, ஆனா நிக்கும்."

"எதிர்ல கெஸ்ட் ஹவுஸ்ல?"

"அங்க ஜாஸ்திதான். அத்தனை வெள்ளைக்காரங்களும் பங்கு போட்டுக்கணுமே."

"ஸ்பீடு வேணாம் பாய். கட் ஆகாம நின்னா போதும். இன்னொரு தடவை கட்டாச்சுன்னா என் பொண்ணு வாழ்க்கையே போச்சு."

பாஷா அந்தச் சட்டையை மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம அருணாதேவிக்கு இடம் வந்திருக்கா? வீடியோல பேசறாங்களா?"

"பெரிய எடத்து விஷயம் பாய். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சரிதான், கண்ணு பட்டுடும். உள்ள வாங்க."

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் இராமலிங்கம். மனைவி போன பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒருத்திதான் அவருக்கு மிச்சம்.

பாஷா பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். செல்லில் சுற்றிய வட்டம் நின்றது.

"அந்த ரூம்ல உக்காந்துக்கறேன் பாய். கூட யாரும் இருக்கக் கூடாதாம்."

"பொண்ணுகூட இருக்கக் கூடாதா?" என்று சிரித்தார் பாஷா. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எஸ் சார். இதோ வந்துட்டேன் சார். எங்கயும் போகல சார்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் பாஷாவின் மனைவி அஜ்மத் பேகம். "என்னங்க இது, சம்பந்தி ஆகப் போறவங்ககிட்ட இப்படியா பம்முவாரு?"

"தாலுகா ஆபீஸ்ல பழகின நாக்கு. எவன் அதட்டினாலும் சார்தான் வரும்."

"நாக்கு வறண்டுடப் போவுது. தண்ணி கொண்டு போய் குடுங்க."

பாஷா தம்ளரோடு கதவருகே போனார். உள்ளே விசும்பல் கேட்டது. தள்ளித் திறந்தார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார் இராமலிங்கம். பாஷா திரையில் தெரிந்த ஆளைப் பார்த்தார். தம்ளரை அங்கேயே வைத்துவிட்டு விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தார். நெட்டுப் பெட்டியின் ஒயரைப் பிளக்கோடு பிடுங்கினார்.

இராமலிங்கம் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன பாய் பண்ணிட்டீங்க? லைன் போயிடுச்சே. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

பாஷாவின் கையிலிருந்த ஒயரைப் பறிக்கப் பார்த்தார். முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குடுங்க பாய். உங்க கால்ல விழறேன். இனிமே என் பொண்ணை யாரு காப்பாத்துவா?"

பாஷாவும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் போலீஸும் ஃபோன்லயே அரெஸ்ட் பண்ண மாட்டாங்க சார்."