இடது பக்க சீட்

மறுநாள் காலை காரை வாங்க ஆள் வருவதற்குள் பழுது தீர வேண்டும். இளம்பரிதி தனியாக ஓட்டினால் அது நிற்பதே இல்லை. இதற்குமுன் வாங்க வந்த இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் பெட்ரோல் வராமல் நின்றது.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பம்பு அழுத்தத்தில் பெட்ரோல் பாயும் இன்ஜெக்‌ஷன் வைத்த பழைய வண்டி. ஒரகடம் மெக்கானிக் நாகப்பன் பம்பு, ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, இளம்பரிதி ஓட்ட, இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டார். பென்னலூர் வருவதற்குள் முள் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. வண்டி நின்றது.

“இன்னா சார், தலதீபாவளி மாப்ள கணக்கா முறுக்கிக்குது?”

அவர் இறங்கியதும் வண்டி ஸ்டார்ட் ஆகி, முள் மூன்றுக்கு ஏறியது. உட்கார்ந்ததும் இறங்கியது. டூல் பெட்டியை மட்டும் சீட்டில் வைத்துப் பார்த்தார். அப்போதும் இறங்கியது. சீட்டுக்கு முன்னால் கிடந்த மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒயரும் இல்லை, குழாயும் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்தார். ஒரகடம் வரை முள் மூன்றிலேயே இருந்தது.

ஷெட்டில் இறங்கி முன்கதவைத் திறந்து சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்க யாரு சார் குந்துவாங்க?”

“என் ஒய்ஃப். ஏழு மாசம் ஆச்சுண்ணே, தவறி.”

நாகப்பன் கண்ணாடியில் ஒட்டிய மீட்டரைக் கழற்றினார்.

“நாளைக்கு இங்க ஷெட்டுக்கு வர்றவன்கிட்ட இன்னா சொல்றது?”

“விக்கலன்னு சொல்லிடுங்க.”

நாகப்பன் தலையாட்டினார். புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளுமோ என்பதுபோல் குனிந்து பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.