விடியுமுன் பறித்த பூ

“இன்னைக்கும் பூவைக் காணோமுங்க!”

மாடியிலிருந்து இறங்கிய வேகத்திலேயே சுகன்யா கத்தினாள். காபியை ஆற்றிக்கொண்டிருந்த சந்திரசேகர் நிமிரவில்லை.

“மார்கழி மாசம். பூசணிப் பூவைக் கண்டா எந்தப் பொம்பளை சும்மா இருப்பா? கோலத்துக்கு ஒண்ணு ரெண்டு போனாப் போகுது, விடு.”

“பூப் போனாக் காய் எங்கிருந்துங்க வரும்? மோனிஷாவுக்கு என்ன பதில் சொல்றது?”

ஓசூரில் இருக்கும் மகள் மோனிஷாவுக்கு மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் குமட்டல். ரசஞ்சோறும் பொரித்த பூசணி வடகமும் மட்டும்தான் உள்ளே தங்குகிறது. போன வருடம் பின்வீட்டுக் குஞ்சம்மாள் கொடுத்த வடகம் தீர்ந்துவிட்டது. கடைக் காயில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று பயம். மாசி வெயிலுக்குள் மாடிக் காய் முற்றினால்தான் துருவி, உளுந்து மாவில் பிசைந்து, கிள்ளிக் காயவைக்க முடியும்.

விதை கொடுத்தது குஞ்சம்மாளின் கணவர் அப்புசாமி. இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. வாசல்கள் வேறு வேறு தெருவில். மாடிகளுக்கு நடுவே இடுப்பளவுச் சுவர். விதை முளைத்துக் கொடி பந்தல் ஏறுவதற்குள், ஆவணியில் அப்புசாமி திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு குஞ்சம்மாள் மாடிக்கு வந்து சுகன்யா பார்த்ததில்லை.

மறுநாள் கோழி கூவுமுன் சுகன்யா மேலே போனாள். திருச்செங்கோட்டு மலை பனிக்குள் எங்கோ இருந்தது. பந்தலுக்குக் கீழே முக்காடு போட்ட ஓர் உருவம் குனிந்திருந்தது. கையில் பூ. காலடியில் பிய்த்துப் போட்ட மஞ்சள் இதழ்கள்.

“ஏனுங்க்கா, நீங்களா!”

குஞ்சம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “கண்ணு, அது வந்து…”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டனா? இருட்டுல சுவரேறி வந்துதான் பறிக்கோணுமா? அதையும் பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கீங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு வாய்க்கு வேணுமுன்னு வளத்தறேன். உங்க வாசல் அழகா இருக்கறதுக்கு என்ற கொடிதான் கெடச்சுதா?”

குஞ்சம்மாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள்.

“தப்புத்தான் சாமி. இனி வரமாட்டேன்.”

சுவரைத் தாண்டும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சுகன்யா கை கொடுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து கொடி நிறையப் பூ. பனியில் நனைந்த மஞ்சள். சுகன்யா படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

“பாத்தீங்களா? திருட்டு நின்னதும் எப்படிப் பூத்திருக்குதுன்னு!”

“பூத்திருக்குது சரி, காய்ச்சிருக்குதா?” என்றார் சந்திரசேகர்.

காய்க்கவில்லை. சுண்டுவிரல் பருமனில் வந்த பிஞ்செல்லாம் பழுத்து உதிர்ந்தது. எரு வைத்தாள். புளித்த மோரைத் தெளித்தாள். முன்பே பிடித்திருந்த இரண்டு மூன்று காய்தான் பந்தலில் தொங்கியது. புதிதாக ஒன்றும் நிற்கவில்லை.

“அந்தக்காவோட மனசு நொந்துபோச்சு. அதுதான்” என்றார் சந்திரசேகர், விளையாட்டாக.

சுகன்யாவுக்கு அது முள்ளாகத் தைத்தது. போகிக்கு முந்தின நாள் காலை, பிஞ்சு உள்ளதை விட்டுவிட்டு மற்ற பூவையெல்லாம் பறித்துத் தட்டில் அடுக்கினாள். மார்கழி முடியப் போகிறது. இன்றைக்காவது அந்தம்மா தன் வாசலில் வைத்துக்கொள்ளட்டும்.

பின்தெருவில் வீட்டுக்கு வீடு கலர் கோலம். நடுவில் சாணி உருண்டை, அதன் தலையில் பூ.

குஞ்சம்மாள் வாசலில் மட்டும் தண்ணீர் தெளித்துப் பெருக்கியதோடு சரி. ஒரு புள்ளிகூட இல்லை.

சுகன்யாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. சாவு விழுந்த வீடு. வருடம் திரும்பும்வரை அந்த வாசலுக்குக் கோலம் ஏது? பூ ஏது?

“வா கண்ணு!” குஞ்சம்மாள் வெளியே வந்தாள். “மோனிஷாவுக்கு வாந்தி நின்னுச்சா?” தட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. “அடக் கடவுளே, அத்தனையும் ஆம்பளைப் பூவாச்சே! பொம்பளைப் பூவுல தொட்டு வெச்சுட்டுத்தான பறிச்சே?”

“தொட்டு… எதுக்குங்க்கா?”

“மாடிக்கு வண்டும் தேனீயும் எங்க வருது? ஆம்பளைப் பூவைப் பறிச்சு, இதழைப் பிச்சுட்டு, பிஞ்சோட இருக்கற பூவுக்குள்ள தொட்டு வெச்சாத்தான் காய் நிக்கும். எங்க மாடியில அவரு தினமும் செய்வாரு. நீ வடகத்தைப் பத்தி மோனிஷாகிட்டப் போன்ல பேசுனது கேட்டுச்சு. அதான், அவரு குடுத்த வெதையாச்சேன்னு…”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க்கா.” சுகன்யா தட்டைக் கீழே இறக்கினாள்.

“நல்ல காரியத்துக்கு ஆகற காய். தாலியறுத்தவ கை பட்டுதுன்னு தெரிஞ்சா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் கண்ணு.”

தெருவில் யாரோ வருகிற சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் நிலைப்படிக்கு உள்ளே ஒதுங்கிக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்குப் பூவைப் பறிச்சுப்போடாத. இருட்டோட வந்து தொட்டு வெச்சுட்டுப் போயிர்றேன். விடியறவரைக்கும் நீ மேல வந்துராத சாமி… உன்ற கண்ணுல நான் பட வேண்டாம்.”