பயன்படுத்தாத காலணிகள்

2071 நவம்பர் 9. காலை முதல் தூறல் ஓயவில்லை. வாங்கிய பொருளை ஆறு மாதங்களுக்குள் பயன்படுத்தாதோர், அதனைக் கடைக்குத் திருப்பியளிப்பதே பண்புடைமை எனத் தூத்துக்குடியில் கருதப்பட்டது. அளிக்காதோரின் இல்லத்திற்குக் கடையினரே வந்தனர்.

ரொசாரியோ புதுக் காலணிகளை வாங்கி வைத்துவிட்டுக் கடலுக்குச் சென்றவன், திரும்பவில்லை. அவற்றைக் கடைக்காரர் கொண்டுசெல்லாதிருக்கும் பொருட்டு, மனைவி செலஸ்டினா அவற்றை அணிந்து நாள்தோறும் வீட்டிற்குள் நடந்தாள்.

கடை ஊழியன் வேல்மணி, நடந்தது வாங்கியவரின் கால்தானா எனக் காட்டும் தன் கருவியைக் காலணிகளருகே பிடித்தான்.

"யக்கா, நடந்தது ஒங்க காலுல்லா?"

"அவிய வந்தா எதப் போடுவாவ?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்கு. 'அவிய இனி வரமாட்டாவ'ன்னு இதுல ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க பேருக்கு மாத்திருதேன். செருப்பு இங்கனயே கெடக்கும்."

"சொல்லேன்ட்டி!" என்றாள் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஜூடித். "ஊரே சொல்லுது, ஒன் வாயிக்கு மட்டும் பூட்டா?"

செலஸ்டினா கருவியை நோக்கி வாய் திறந்தாள், பின்னர் மூடினாள். காலணிகளைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, அவன் கையில் வைத்தாள்.

"கொண்டு போப்பா. அவிய வந்து வேற வாங்கிக்கிடுவாவ."

கடையின் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தபோது, மணி பிற்பகல் நான்கு பதினேழு.