இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

"உங்க அக்கா செத்ததுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்று டீம் லீடர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கு அக்கா பதினொரு மாதம் நிரல் எழுதியிருந்தாள். அவளை வேலையை விட்டு அனுப்பிய அன்றே, டீம் லீடர் ஒவ்வொரு ஃபைலிலும் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நிரலைத் தொகுத்து பில்ட் செய்யும்போதெல்லாம், அதில் உள்ள குறிப்புகளைத் திரட்டி ஏபிஐ கையேடு, அதாவது வாடிக்கையாளர்களுக்கான விளக்கப் புத்தகம், தானாகவே உருவாகும். எப்போதும் 212 பக்கம்.

வாடிக்கையாளர்கள் வந்திருந்த காலையில் 213 பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில், எழுதியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். கீழே ஒரே வரி: "பேரு போடச் சொல்லிக் கேட்டா வேலை போயிடும், பார்த்துக்கோ."

டீம் லீடர் சிரித்து மழுப்பிவிட்டு மறுபடி பில்ட் செய்யச் சொன்னார். இப்போது 214 பக்கம், கடைசியில் புதிதாக ஒரு வரி: "இன்னுமா கேக்கற? கிளம்பு." நிரல் முழுக்கத் தேடினார்கள். அந்த வரிகள் எங்கும் இல்லை.

"உன் வேலைதானே இது?" என்று டீம் லீடர் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு எப்படி சார் தெரியும்? கதவைச் சாத்திட்டு நீங்களும் அக்காவும் மட்டும்தானே பேசினீங்க?"

அவர் சொல்லாமலே அவள் இன்னொரு முறை பில்ட் செய்தாள். திரையில் 215 என்று வந்தது. அதைப் படிக்க அவர் நிற்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.