மாப்பிள்ளைக்கு மேப்பிள்

டிரம் பட்டறைக்காரர் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, 'மரம்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். பேனா அதற்கு மேல் நகரவில்லை.

எதிரே அவருடைய தங்கையின் கணவர், தன் டிரம்மைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

டீச்சரை இங்கே அழைத்து வந்ததே மாப்பிள்ளைதான். வழியெல்லாம் பாடம் எடுத்திருப்பார் போல. பிர்ச் மரத்தில் செய்தால் சுள்ளென்று பேசும், மகோகனி அடிவயிற்றிலிருந்து பேசும், மேப்பிள் மட்டும்தான் கோபப்படாமல் உரக்கப் பேசும் என்று டீச்சரே கடகடவென்று ஒப்பித்தார்.

"எங்க ஸ்கூலுக்கு இதே சத்தம் வேணும் சார். இதே மாதிரி சுத்தமான மேப்பிள்ல பண்ணிக் குடுத்துடுங்க."

ஆனால் மாப்பிள்ளை தட்டிக் காட்டிய டிரம் மேப்பிள் இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன் தங்கையின் கல்யாணத்துக்கு பட்டறைக்காரர் தன் கையாலேயே செய்து கொடுத்த டிரம் செட் அது. மாப்பிள்ளைக்கு மேப்பிளாமே என்று சொந்தக்காரர்கள் கேலி செய்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்தப் பெருமையில்தான் கவனம் தப்பியது. மேப்பிள் தகடுகளை ஆவியில் வைத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர்களோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அவசர அவசரமாக அச்சில் வளைத்தார். ஒன்று பாக்கியில்லாமல் விரிசல் விட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. பட்டறையில் மிச்சமிருந்தது, சரக்குப் பெட்டி அடிக்க வாங்கிப் போட்டிருந்த மலிவான பாப்லர் மரம். அதையே ஆறு அடுக்காக ஒட்டி உருளையாக்கினார். உள்ளேயும் வெளியேயும் காகித மொத்தத்தில் மேப்பிள் ஏட்டை ஒட்டினார். விளிம்பில் அடுக்கு தெரியாமலிருக்கக் கறுப்பு வார்னிஷ் பூசினார்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டு, நல்லதாக ஒன்று செய்து மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். சத்தியமாக அதுதான் எண்ணம்.

ஆனால் மண்டபத்தில் மாப்பிள்ளை ஒரு அடி அடித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். பிறகு எழுந்து வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மேப்பிளை நான் கேட்டதே இல்லை என்றார். தங்கையின் முகம் பூரித்துப் போயிற்று. அதற்கப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது?

முதல் இரண்டு வருடம் தங்கை வீட்டுக்குப் போனாலே அவருக்குச் சோறு இறங்காது. பிறகு வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அலுத்துவிட்டது. மரத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவி மாப்பிள்ளை நமக்கு வாய்த்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார். அப்படி நினைத்த பிறகு நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டார். நிஜ மேப்பிளில் செய்தால் சத்தம் வேறாக இருக்கும், குட்டு உடைந்துவிடும். பாப்லரில் செய்து மேப்பிள் என்று எழுதினால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஏமாற்றிய பாவம் சேரும்.

மேடையின் அளவு எழுதிய தாளை வண்டியிலேயே வைத்துவிட்டேன் என்று டீச்சர் வெளியே போனார்.

மாப்பிள்ளை குச்சிகளைக் கீழே வைத்தார். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மேசைமேல் குனிந்தார்.

"பாப்லர்னே எழுதுங்க மச்சான். பிள்ளைங்க கைக்குப் போறது, அதுல பொய் வேணாம். டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். என் செட்டு மட்டும் மேப்பிளாவே இருக்கட்டும், உங்க தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

பட்டறைக்காரரின் காது இரண்டும் சுட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டதாம். மண்டபம் நிறைய ஆட்கள் நின்றார்களாம், வேறென்ன சொல்ல முடியும் என்று கேட்டார் மாப்பிள்ளை. என்னவோ தான்தான் தப்புச் செய்துவிட்டவர் மாதிரி அசட்டுச் சிரிப்பு வேறு.

பட்டறைக்காரர் 'பாப்லர்' என்று எழுதினார். நான்கு எழுத்தும் நான்கு பக்கம் போயின. தலையை நிமிர்த்த முடியாமல், எழுதிய எழுத்தின் மேலேயே இன்னொரு தரம் எழுதினார்.

மாப்பிள்ளை டிரம்மை உறைக்குள் நுழைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார். கச்சேரிக்குக் கூப்பிட்டால்தான் வேலை என்ற பிழைப்பு எத்தனை நாளைக்கு? ஒலிப்பதிவுக்கூடத்துக்காரர் ஒருவர் நிரந்தரமாக ஒரு வேலை இருக்கிறது என்றிருந்தாராம். வாத்தியங்களின் சத்தத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை. உங்கள் மச்சானிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனவரிடமிருந்து மூன்று மாதமாகியும் தகவலே இல்லை. தங்கையும் தினம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் இந்தப் பக்கம் வந்தாரா?

வந்திருந்தார்.

இதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பட்டறைக்காரர்தான் அவருக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் மாப்பிள்ளைக்குக் கை சுத்தம் சார், காதுதான் கொஞ்சம் மந்தம் என்று.