நீலப் பூவுக்கு ஞானஸ்நானம்

“என் பேரை எடுத்துடு யோரிஸ். வேற யார் பேராவது வை.”

ஷாம்பெயின் பாட்டிலைத் திறக்கப்போன யோரிஸின் கை நின்றது. அவனுடைய நர்சரியின் புது வெரோனிகாச் செடி அடர்நீலப் பூக்கதிர்களோடு மேசைமேல் இருந்தது. ஊரார் வந்ததும் அதன்மேல் ஷாம்பெயின் ஊற்றிப் பெயர் சூட்டவேண்டியவள் பக்கத்து வீட்டு ஹென்னி அம்மாள். ‘ஹென்னி’ என்பதுதான் செடிக்கு வைக்கப்போகும் பெயரும்.

“ஏம்மா?” என்று கேட்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. தெரிந்துவிட்டதோ?

“நான் திருடிப்பா. உன் குப்பைமேட்டுல ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருந்தே. நான் ஒரு நாத்தை எடுத்துட்டு வந்து என் கொட்டகைக்குப் பின்னால நட்டுட்டேன்.”

“நான் கழிச்ச நாத்தா?”

“பூக்கவே மாட்டேங்குதுன்னு நீதானே வீசினே! என்கிட்ட தாமதமாப் பூத்துது. அச்சு அசல் இதே நீலம்.”

யோரிஸ் பாட்டிலை மேசைமேல் வைத்தான்.

“கர்த்தர் சும்மா விடுவாரா? ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், பாதிச் செடியைக் காணோம். வாய்க்கால் எலி வேரோட தோண்டிட்டுப் போயிடுச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை யோரிஸ் சர்ச்சுக்குப் போகவில்லை. மண்வெட்டியோடு வேலி தாண்டியிருந்தான்.

“என்னை மன்னிச்சிடுவியாப்பா?”

“விடுங்கம்மா” என்றான், தரையைப் பார்த்தபடி.

“உன் மனசு யாருக்கு வரும்!” ஹென்னி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையை இறுகப் பிடித்தாள். “அந்த எலி மட்டும் என் கையில மாட்டட்டும், பேசிக்கறேன்!”