பின் இருக்கையின் சம்மதம்

ஈரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், தமயந்தி தன் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றித் தேய்ந்த பிரேக் ஷூவைத் தானே மாற்றி முடித்தாள். கையெல்லாம் கரி. முதல்முறை செய்த வேலை என்பதால் மனசு பூரித்திருந்தது. கடைவீதி வரை போய்வரலாம் என்று கணவன் குணாளனைக் கூப்பிட்டாள்.

அவன் பின்னால் ஏறியதும் வண்டி பேசியது. "இந்தப் பிரேக்கைத் தமயந்தி வீட்டிலேயே மாட்டியிருக்கிறார். பின்னால் இருப்பவர் அவரை நம்புகிறாரா?"

வீட்டில் பழுது பார்த்த வண்டிகள் இப்படிக் கேட்கும், பதில் வராமல் கிளம்பாது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் கேட்டதே இல்லாத கேள்வி அது. என்ன சொல்வானோ என்று கண்ணாடியில் அவன் முகத்தையே பார்த்தாள்.

"நம்புறேன்," என்றான் குணாளன்.

"குரலில் தயக்கம் இருக்கிறது," என்றது வண்டி.

அவளுக்குச் சுருக்கென்றது. "இறங்கிக்குங்க. நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

அவன் இறங்கினான். வீட்டுக்குப் போகாமல் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது புள்ள. எப்படிப் பண்ணுனீன்னு ஒருக்கா கழட்டிக் காட்டு."

காட்டினாள். திரும்ப மாட்டும்போது கடைசி நட்டை அவனே முடுக்கினான். இருவரும் மறுபடி ஏறினார்கள்.

இம்முறை வண்டி முன்னால் இருந்தவளிடம் கேட்டது. "குணாளன் முடுக்கிய நட்டை நீங்கள் நம்புகிறீர்களா?"

தமயந்தி வாய் திறந்தாள். அதற்குள் கண் பின்சக்கரத்து நட்டுக்குப் போனது. பின்னால் அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

"நம்புறேனுங்க," என்று அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நானும்தான்," என்றான் குணாளன்.

வண்டி கிளம்பியது.